பேட்ஜில் எண், காகிதத்தில் பெயர்: பழைய போலீஸ் பேட்ஜ் சேகரிப்பு எப்படி நடக்கிறது

ஒரே நகரத்தின், ஒரே காலத்துப் போலீஸ் பேட்ஜ்கள் இரண்டு ஏலத்துக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று கீறல் இல்லாமல் பளபளவென்று இருக்கிறது. இன்னொன்றில் முலாம் தேய்ந்துவிட்டது, பின்னால் இருக்கும் ஊசி கோணலாகிக் கிடக்கிறது. ஆனால் அதோடு ஒரு பழுப்பு உறை வருகிறது. உள்ளே நியமன உத்தரவு, படம் ஒட்டிய அடையாள அட்டை, ஓய்வூதியப் புத்தகம். அதிக விலைக்குப் போவது பெரும்பாலும் இந்தத் தேய்ந்த பேட்ஜ்தான்.

பித்தளைக்கு இல்லாத மதிப்பு பழைய காகிதத்துக்கு எங்கிருந்து வருகிறது? அதே காகிதம் ஏன் போலிக்கும் சட்டச் சிக்கலுக்கும் இடம் கொடுக்கிறது? பேட்ஜில் இருப்பது வெறும் எண். அந்த எண்ணை அணிந்திருந்த ஆளின் பெயர் காகிதத்தில் இருக்கிறது. சேகரிப்பவர் காசு கொடுப்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் முடிச்சுக்கு. முடிச்சு உண்மையானதா, யாராவது பின்னால் போட்டதா என்பதுதான் இந்தத் துறையின் பாதி வேலை.

## எதையெல்லாம் பேட்ஜ் என்கிறார்கள்

தமிழில் இதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு: வில்லை. அலுவலகச் சேவகர் அணிந்த பித்தளைத் தகடுதான் வில்லை. அதை அணிந்தவர் வில்லைச் சேவகன். இந்தியில் சப்ராஸ் என்ற தகட்டை அணிந்தவர் சப்ராஸி ஆனார். மனிதருக்கே தகட்டின் பெயர் வந்துவிட்டது. அரசாங்கம் ஆளைவிடத் தகட்டைத்தான் நம்பியது என்பதை இதிலேயே பார்க்கலாம்.

போலீஸ் விஷயத்தில் சேகரிப்பாளர்கள் பேட்ஜ் என்ற ஒரே பெயரில் நான்கு வகைப் பொருள்களைப் பேசுகிறார்கள். குழப்பம் இங்கேயே தொடங்குவதால் பிரித்துக்கொள்வது நல்லது.

1. மார்புப் பேட்ஜ். அமெரிக்காவின் நட்சத்திரமும் கேடயமும் இந்த வகை. நியூயார்க்கில் 1845-ல் அமைந்த நகரப் போலீஸ் எட்டு முனைச் செப்பு நட்சத்திரத்தை அணிந்தது. போலீஸைக் குறிக்கும் 'காப்' என்ற ஆங்கிலச் சொல் இந்தச் செம்பிலிருந்து (ஆங்கிலத்தில் காப்பர்) வந்தது என்று ஒரு கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. பிடி என்று பொருள்படும் பழைய வினைச்சொல்லிலிருந்து வந்தது என்பதே மொழியியலார் பெரும்பாலும் ஏற்பது.

2. தொப்பிச் சின்னமும் ஹெல்மெட் தகடும். பிரிட்டிஷ் மரபு இது. நடுவில் படையின் பெயரோ எண்ணோ இருக்கும், மேலே கிரீடம்.

3. கழுத்துப்பட்டை எண்கள். சீருடைக் கழுத்தில் குத்தும் உலோக எழுத்துகளும் எண்களும். தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும்; காகிதம் கூட வந்தால் இவற்றின் மதிப்பே வேறு.

4. கையில் காட்டும் வட்டு. சீருடை போடாத துப்பறியும் போலீஸார் பையிலிருந்து எடுத்துக் காட்டுவது. ஜெர்மன் குற்றப் புலனாய்வுப் போலீஸின் நீள்வட்ட வில்லை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாஜி காலத்து ரகசியப் போலீஸான கெஸ்டாபோவும் இதே பாணியில் வில்லை வைத்திருந்தது. இரண்டிலும் துறையின் பெயரும் எண்ணும் உண்டு. ஆளின் பெயர் கிடையாது.

## எண் ஏன் பெயர் ஆகாது

புதிதாகச் சேகரிக்க வருபவர் முதலில் நினைப்பது இதுதான்: "417 என்று எண் இருக்கிறது, யார் என்று கண்டுபிடித்துவிடலாம்." அவ்வளவு எளிதல்ல. எண் மறுபடி மறுபடி கைமாறும்.

லண்டனில் 1829-ல் ராபர்ட் பீல் அமைத்த மெட்ரோபாலிட்டன் போலீஸை எடுத்துக்கொள்வோம். கான்ஸ்டபிளின் கழுத்துப்பட்டையில் அவர் வேலை பார்த்த டிவிஷனின் எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தன. வேறு டிவிஷனுக்கு மாற்றலானால் எண்ணும் மாறும். விட்டுப்போன எண் அடுத்து வருபவருக்குப் போகும். அதாவது ஒரே எண்ணைப் பல பேர் அணிந்திருக்கலாம், ஒரே ஆள் பல எண்களை அணிந்திருக்கலாம்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் ஓடியது. வாரன்ட் எண் என்பார்கள். படையில் சேரும்போது வரிசையாகக் கொடுப்பது. ஒருவருக்கு ஒன்றுதான், வேறு யாருக்கும் போகாது. அது கழுத்தில் இல்லை, காகிதத்தில் இருந்தது. வாரன்ட் எண் 1 யாருக்குக் கிடைத்தது என்பது இன்றும் தெரியும்: வில்லியம் அட்கின்சன். வேலைக்கு வந்த முதல் நாளே குடித்திருந்ததற்காக அவரை நீக்கிவிட்டார்கள். கழுத்து எண் மட்டும் மிஞ்சியிருந்தால் இந்தக் கதை நமக்கு வந்திருக்காது.

நியூயார்க்கிலும் பேட்ஜ் எண் மறுபடி வழங்கப்படும். அங்கே இன்னொரு சுவாரசியமும் உண்டு: அப்பாவோ தாத்தாவோ அணிந்த எண்ணைப் பிள்ளைகள் கேட்டு வாங்குவார்கள். ஒரே குடும்பம், ஒரே குடும்பப் பெயர், ஒரே எண், ஆனால் மூன்று தலைமுறை. எண்ணை வைத்து ஆளைத் தேடுபவருக்குத் தலை சுற்றும்.

எண்ணே இல்லாத பழைய பேட்ஜ்கள் இன்னும் மோசம். அமெரிக்காவில் மத்திய நீதிமன்ற உத்தரவுகளை நிறைவேற்றும் மார்ஷல் பதவி 1789-ல் உருவானது. நாடு முழுக்க ஒரே மாதிரிப் பேட்ஜ் அவர்களுக்கு வந்தது 1941-ல்தான். நடுவில் ஒன்றரை நூற்றாண்டு அவரவர் வாங்கியது, உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொண்டது, நண்பர்கள் பரிசாகக் கொடுத்தது என்று எல்லாம் புழக்கத்தில் இருந்தன. எந்தப் பதிவேட்டிலும் ஏறாத பேட்ஜை எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது.

அப்படியானால் எண்ணுக்கும் பெயருக்கும் பாலம் எது? படை வைத்திருந்த பதிவேடு. லண்டன் போலீஸில் சேர்ந்தவர், விலகியவர் பதிவுகளில் மிஞ்சியவையும், 1852 முதல் 1932 வரை ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதிய விவரங்களும் லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் ஆட்சியில் அயர்லாந்தின் போலீஸ் படையாக இருந்து 1922-ல் கலைக்கப்பட்ட ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரியின் பணிப் பதிவேடுகளும் அங்கேதான். இப்படிப் பதிவேடு பிழைத்த படைகளின் பேட்ஜ்களைத் தேடிச் சேகரிப்பது புத்திசாலித்தனம். பதிவேடு எரிந்துபோன, தூக்கி எறியப்பட்ட படைகளும் ஏராளம். அங்கே பேட்ஜோடு வரும் குடும்பக் காகிதம் மட்டுமே சாட்சி.

## காகிதக் கட்டில் என்ன இருக்கும்

ஒரே ஆளின் பேட்ஜும் காகிதங்களும் சேர்ந்து வந்தால் அதைத் தொகுப்பு என்று சொல்லலாம். தொகுப்பில் வருபவை எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல.

1. நியமன உத்தரவு, பதவி உயர்வு உத்தரவு. தேதியும் பதவியும் தெளிவாக இருக்கும். பேட்ஜ் எண் இருப்பது அபூர்வம்.

2. அடையாள அட்டை. படம், கையெழுத்து, முத்திரை மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதால் எல்லோரும் முதலில் தேடுவது இதைத்தான். பேட்ஜ் எண்ணும் இதில் இருந்துவிட்டால் முடிச்சு கிட்டத்தட்ட உறுதி. போலி செய்பவர்களும் முதலில் கை வைப்பது இதில்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

3. பணிப் பதிவு. எங்கே வேலை, எத்தனை நாள் விடுப்பு, என்ன தண்டனை, என்ன பாராட்டு என்று அலுவலகக் குமாஸ்தா எழுதிவைத்தது. அலங்காரம் ஒன்றும் இருக்காது. ரோந்தில் தூங்கியதற்கு அபராதம் என்று ஒரு வரி வரும்போதுதான் உலோகத் தகட்டுக்குப் பின்னால் ஆள் தெரிகிறார். என்னைக் கேட்டால் அழகான சான்றிதழைவிட இதற்குத்தான் அதிகம் கொடுக்கலாம்.

4. பேட்ஜ் அணிந்த புகைப்படம். பூதக்கண்ணாடியில் எண் படிக்கும்படி இருந்தால் இதற்கு ஈடு கிடையாது. பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரையும் யாராவது கையால் எழுதிய பெயரும் இருக்கின்றனவா என்று திருப்பிப் பார்க்க வேண்டும்.

5. பையில் வைத்துக்கொள்ளும் குறிப்பேடு. நாளும் நேரமும் தெருவும் இதில் இருக்கும். புகார் கொடுத்தவர், பிடிபட்டவர், அடிபட்டவர் பெயர்களும் இருக்கும். அந்தச் சிக்கலுக்குப் பிறகு வருவோம்.

6. வீட்டுக் காகிதங்கள்: கடிதம், திருமணச் சான்று, வாடகை ரசீது. ஆளை உறுதிப்படுத்த உதவும், பேட்ஜை உறுதிப்படுத்தாது.

## காலத்தைச் சொல்லும் அடையாளங்கள்

விற்பவர் சொல்லும் ஆண்டை நம்புவதற்கு முன் பேட்ஜே என்ன சொல்கிறது என்று பார்க்கலாம்.

பிரிட்டிஷ் மரபுச் சின்னங்களில் கிரீடத்தின் வடிவம் நல்ல கடிகாரம். விக்டோரியா மகாராணி 1901-ல் இறந்த பிறகு, மேல்வளைவு வழுவழுவென்று வில்போல ஏறி இறங்கும் டியூடர் கிரீடம் வந்தது. சேகரிப்பாளர்கள் இதை ராஜா கிரீடம் என்பார்கள். இரண்டாம் எலிசபெத் 1952-ல் பட்டத்துக்கு வந்தபின், நடுவில் பள்ளம் விழுந்த செயின்ட் எட்வர்ட் கிரீடத்தைத் தேர்ந்தெடுத்தார். அது ராணி கிரீடம். எனவே ராஜா கிரீடம் போட்ட தகடு 1901-க்கும் 1950-களுக்கும் இடைப்பட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது வழக்கமாக இருந்தது. இப்போது அப்படிச் சொல்ல முடியாது. மூன்றாம் சார்லஸ் 2022-ல் மறுபடியும் டியூடர் கிரீடத்துக்கே திரும்பிவிட்டார். நேற்று அச்சடித்த தகட்டிலும் ராஜா கிரீடம் இருக்கலாம்.

படையின் பெயரும் காலம் சொல்லும். ஐரிஷ் கான்ஸ்டபுலரிக்கு 'ராயல்' என்ற அடைமொழி 1867-ல் கிடைத்தது. அந்தப் பெயரோடு 1850 என்று ஒருவர் விற்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஹாங்காங் போலீஸ் 'ராயல்' ஆக இருந்தது 1969 முதல் 1997 வரை. வட அயர்லாந்துப் போலீஸான ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி 1922-ல் தொடங்கி 2001-ல் பெயர் மாறியது. ரஷ்யாவில் 'மிலித்சியா' என்ற சோவியத் காலப் பெயர் 2011 மார்ச்சில்தான் 'பொலித்சியா' ஆனது. இந்தத் தேதிகள் நாலைந்தை மனதில் வைத்திருந்தாலே பல ஏமாற்றுகள் வாசலிலேயே நின்றுவிடும்.

அப்புறம் பின்பக்கம். அனுபவசாலிகள் பேட்ஜைக் கையில் வாங்கியதும் திருப்பித்தான் பார்ப்பார்கள். தயாரித்த நிறுவனத்தின் முத்திரை அங்கேதான் இருக்கும். நிறுவனம் இடம் மாறினாலோ பெயர் மாறினாலோ முத்திரையும் மாறும். அதனால் முத்திரையில் உள்ள முகவரியே காலத்தைச் சொல்லிவிடும். அமெரிக்காவில் பேட்ஜ் தயாரிக்கும் பிளாக்கின்டன் நிறுவனம் 1852-லிருந்து இயங்குகிறது. இவ்வளவு நீண்ட காலம் ஓடிய நிறுவனத்தின் முத்திரை மாற்றங்களை வரிசைப்படுத்துவதையே சிலர் முழுநேரப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள்.

ஊசியும் பேசும். வெறும் கொக்கியில் மாட்டும் பழைய பின், பூட்டிக்கொள்ளும் பிற்காலப் பின், திருகாணி என்று காலத்துக்கு ஒரு வகை. பின் புதிதாக இருந்தால் பேட்ஜே போலி என்று முடிவு கட்ட வேண்டாம், உடைந்ததை மாற்றியிருப்பார்கள். ஆனால் பற்றவைத்த இடம் பளிச்சென்று இருந்து, சுற்றியுள்ள உலோகம் கறுத்திருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். உலோகம் பற்றியும் ஒரு வார்த்தை: ஜெர்மன் சில்வர் என்று விவரத்தில் போட்டிருந்தால் அதில் வெள்ளி துளிகூட இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது.

## பொய் மூன்று வகை

முதல் வகை முழுப் போலி. எப்போதுமே இல்லாத ஒன்றை இருந்தது என்று செய்வது. டெக்சாஸ் மாநிலக் காவல் பிரிவான டெக்சாஸ் ரேஞ்சர்கள் இதற்குப் பேர்போனவர்கள், பாவம் அவர்கள் தப்பல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களுக்கு அரசு பேட்ஜே கொடுக்கவில்லை. சிலர் மெக்ஸிகோ வெள்ளிக் காசை வெட்டித் தாங்களே செய்துகொண்டார்கள். ஐந்து பெசோ வெள்ளிக் காசில் செய்யும் இன்றைய பேட்ஜ் 1962-ல்தான் அதிகாரப்பூர்வமானது. ஆனால் 'பழைய ரேஞ்சர் பேட்ஜ்' சந்தையில் கொட்டிக் கிடக்கிறது. கெஸ்டாபோ வில்லையின் நிலைமையும் இதுதான். உண்மையானதைவிடப் போலியைப் பார்க்கும் வாய்ப்பே அதிகம்.

இரண்டாவது வகை மறுவார்ப்பும் மறுஅச்சும். உண்மைப் பேட்ஜிலிருந்து அச்சு எடுத்து வார்த்தால் உலோகம் குளிரும்போது சுருங்கும்; அதனால் நகல் மூலத்தைவிடச் சற்றே சிறியதாக இருக்கும். வெர்னியர் அளவுகோல் இருந்தால் தெரிந்துவிடும். லென்ஸில் பார்த்தால் எழுத்தின் ஓரம் மழுங்கி, பள்ளங்களில் குண்டூசித் தலைபோலச் சிறு குழிகள் இருக்கும். எனாமலும் காட்டிக்கொடுக்கும். பழைய எனாமல் கண்ணாடித் தூளை உலையில் உருக்கியது, உடைந்தால் கண்ணாடிச் சில்லு போல உடையும். இப்போதைய பிசின் உடையாது, நசுங்கும். பழைய அச்சையே எடுத்துப் பின்னாளில் அடித்தது என்றால் அளவும் எழுத்தும் சரியாகவே இருக்கும். அதைப் பிடிப்பது கஷ்டம். தேய்மானம், பின், முலாம் இவைதான் கைகொடுக்கும்.

மூன்றாவது வகைதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம்: ஜோடி சேர்ப்பு. பேட்ஜும் உண்மை, காகிதமும் உண்மை, ஆனால் இரண்டும் வேறு வேறு ஆட்களுடையவை. தனித்தனியாக வாங்கி, ஒரே உறையில் போட்டு, ஒரே கதை சொல்லி விற்பது. எந்த ஆய்வகச் சோதனையிலும் இது சிக்காது, ஏனென்றால் எந்தப் பொருளும் போலி இல்லை. பொய் இருப்பது இரண்டுக்கும் நடுவில்.

ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம். பேட்ஜ் எண் 417. கூட வரும் நியமன உத்தரவு 1911-ஐச் சேர்ந்தது. பேட்ஜின் பின்னால் இருக்கும் நிறுவன முத்திரையில் உள்ள முகவரிக்கு அந்த நிறுவனம் குடிபோனது 1931-ல். உடனே போலி என்று தள்ளிவிட வேண்டாம். படை எல்லோருக்கும் புதுப் பேட்ஜ் கொடுத்திருக்கலாம், இவர் தொலைத்துவிட்டு வேறு வாங்கியிருக்கலாம். ஓய்வூதியப் புத்தகத்தைத் திறக்கிறோம். அவர் ஓய்வு பெற்றது 1928. இனி விளக்கத்துக்கு இடமில்லை; அவர் வீட்டுக்குப் போய் மூன்று வருடம் கழித்துச் செய்த பேட்ஜ் அவருடையதாக இருக்க முடியாது. ஓய்வு 1935 என்று இருந்தால் முடிச்சு நிற்கும், ஆனால் நிரூபணம் ஆகாது. எண்ணைச் சொல்லும் ஒரு காகிதமோ படமோ இன்னும் வேண்டும்.

## சேர்ந்து வாழ்ந்த தடயம்

நீண்ட காலம் ஒரே இடத்தில் கிடந்த பொருள்கள் ஒன்றின் மேல் ஒன்று அடையாளம் விட்டுவிடும். ஜோடி சேர்ப்பவர்களால் எளிதில் செய்ய முடியாதது இது.

தோல் பர்ஸில் இருக்கும் பேட்ஜை மெதுவாக எடுத்துப் பாருங்கள். தோலில் உள்ள கொழுப்பும் செம்பும் வினைபுரிந்து பச்சைக் களிம்பு படிந்திருக்கும். மெழுகு போல விரலில் ஒட்டும். பேட்ஜின் ஓரம் எங்கெங்கே அழுத்தியதோ அங்கெல்லாம் தோல் பள்ளமாகி, நட்சத்திரத்தின் முனைகள் வரை தெரியும். பின் மாட்டிய இரண்டு துளைகளின் விளிம்பு கறுத்திருக்கும். பேட்ஜை மறுபடி வைத்தால் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். ஆறு முனை நட்சத்திரப் பள்ளத்தில் கேடயப் பேட்ஜ் இருந்தால் மேலே பேச ஒன்றும் இல்லை.

காகிதத்திலும் இப்படித்தான். இரும்புக் கிளிப் போட்டிருந்த இடத்தில் துருவின் நிழல் விழுந்திருக்கும். அந்த நிழல் அடுத்த தாளிலும் அதற்கடுத்த தாளிலும் அதே இடத்தில், வெளிறிக்கொண்டே போக வேண்டும். மடிப்புகள் ஒத்துப்போக வேண்டும். ஈரம் பட்ட கறை ஒரு தாளில் மட்டும் இருந்து மற்றவை வெள்ளையாக இருந்தால் அந்தத் தாள் நடுவில் வந்து சேர்ந்தது.

தனித்தனித் தாளைச் சோதிக்க இன்னும் சில வழிகள்:

1. புற ஊதா விளக்கு. காகிதத்தை வெண்மையாக்கும் ஒளிரும் வேதிப்பொருள்கள் 1950 வாக்கில்தான் பரவலாகின. 1920-ன் உத்தரவு இந்த விளக்கில் நீலமாக ஜொலித்தால் தாள் புதுசு. ஜொலிக்காததால் மட்டும் பழசு என்று ஆகிவிடாது.

2. மை. பால்பாயின்ட் பேனாவுக்கு அதை உருவாக்கிய பிரோ காப்புரிமை வாங்கியது 1938-ல். கடைகளில் பரவலானது 1945-க்குப் பிறகு. 1930-ன் அட்டையில் பந்துமுனை உருண்ட கோடு இருக்கக்கூடாது.

3. எழுத்துரு. பாகிஸ்தானில் 2017-ல் ஒரு பெரிய அரசியல் வழக்கில் 2006 தேதியிட்ட ஆவணம் கேள்விக்குள்ளானது, அது காலிப்ரி எழுத்துருவில் இருந்ததால். காலிப்ரி பொதுப் பயன்பாட்டுக்குப் பரவியது 2007-ல். போலீஸ் ஆவணத்துக்கும் இதே தர்க்கம்தான்.

4. படமும் முத்திரையும். முத்திரை பாதி படத்தின் மேலும் பாதி அட்டையின் மேலும் விழுந்திருக்கும். கோடு ஒடியாமல் தொடர்கிறதா? படத்தை அட்டையோடு பிடித்திருக்கும் உலோகக் கண்ணிக்கு அடியில் வேறு துளை இருக்கிறதா? பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் இருண்ட ஓரங்களில், சாய்த்துப் பிடித்தால் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்புத் தெரியும். அது வயதானதின் அடையாளம், நகல் எடுத்தால் வராது.

## சட்டம் எங்கே குறுக்கிடுகிறது

'பழைய பேட்ஜ் வைத்திருப்பது குற்றமா?' என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் சட்டங்கள் கவலைப்படுவது மூன்று விஷயங்களைப் பற்றித்தான்: ஆள்மாறாட்டம், தடை செய்த சின்னம், அரசின் சொத்து.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ன் போலீஸ் சட்டம், 90-ஆம் பிரிவு. போலீஸ் அல்லாத ஒருவரிடம் போலீஸ் சீருடைப் பொருள் இருந்தால், அதைச் சட்டப்படி பெற்றதாகவும் சட்டப்படியான நோக்கத்துக்கு வைத்திருப்பதாகவும் அவர்தான் நிரூபிக்க வேண்டும். பேட்ஜும் அடையாள ஆவணமும் இதில் அடங்கும். சுமை வைத்திருப்பவர் மேல் விழுவதால் வாங்கிய ரசீதுக்கு இங்கே எடை அதிகம்.

அமெரிக்காவில் மத்தியச் சட்டம் போலீஸ் சின்னங்களின் கைமாற்றத்தைக் கட்டுப்படுத்தினாலும், நினைவுப் பொருளாகவோ சேகரிப்பிலோ கண்காட்சியிலோ மட்டும் வைப்பதை எதிர்வாதமாக ஏற்கிறது. மத்திய அரசுத் துறைகளின் பேட்ஜுக்கும் அட்டைக்கும் தனிப் பிரிவு, அது கடுமையானது. மாநிலச் சட்டங்கள் வேறு.

இந்தியாவில் பாரதிய நியாய சம்ஹிதையின் 205-ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 171-க்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. அரசு ஊழியர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அவர்களுடைய உடையை அணிவதும் அடையாளத்தை ஏந்துவதும் குற்றம். அலமாரியில் இருப்பதற்கும் சட்டையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே எண்ணத்தில் இருக்கிறது. 1972-ன் தொல்பொருள் சட்டத்தையும் மறக்கக்கூடாது: வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டு பழையதானால் தொல்பொருள் ஆகலாம், தனியார் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. மற்ற பொருள்களுக்கு இந்த வரம்பு 100 ஆண்டு. ஒரே உறைக்குள் இருக்கும் பேட்ஜை அனுப்பலாம், காகிதத்தை அனுப்பக்கூடாது என்ற நிலை வரலாம்.

ஜெர்மனியில் ஸ்வஸ்திகா போன்ற சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவது குற்றம். ஆய்வு, கல்வி, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அங்கே காகிதத்துக்கு இன்னொரு பூட்டு இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசியின் கோப்புகள் தனியார் கையில் இருந்தால், 1991-ன் சட்டப்படி அதைத் தெரிவிக்க வேண்டும், கேட்டால் ஒப்படைக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கினேன் என்பது அங்கே பதில் ஆகாது.

பொதுவாகவே பல படைகளின் அடையாள அட்டை கடைசிவரை படையின் சொத்துதான். ஓய்வு பெற்றவர் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். துளையிட்டோ மூலை வெட்டியோ ரத்து முத்திரை குத்தியோ இருந்தால் படை தெரிந்தே விட்டது என்று அர்த்தம். ஒரு கீறலும் இல்லாத, அண்மைக் கால அட்டை விற்பனைக்கு வந்தால் தள்ளி நிற்பதே நல்லது.

## காகிதத்தில் இருக்கும் மற்றவர்கள்

இறந்தவர்களின் தகவலுக்கு ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதி பொருந்தாது. அதனால் நூறு வருடம் பழைய நியமன உத்தரவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. சிக்கல் 1960, 70-களின் காகிதத்தில். குறிப்பேட்டில் பெயர் வரும் சிறுவனுக்கு இன்று அறுபது வயது இருக்கலாம். வன்கொடுமைப் புகார் கொடுத்த பெண் இன்னும் அதே தெருவில் குடியிருக்கலாம். அவர்கள் யாரும் தங்கள் பெயரைச் சேகரிப்புக்குக் கொடுக்கவில்லை.

வீட்டில் வைத்துப் பார்ப்பது வேறு, இணையத்தில் போடுவது வேறு. தனிப்பட்ட பயன்பாடு என்ற விலக்கு, உலகமே பார்க்கும்படி இணையத்தில் வெளியிடுவதற்குப் பொருந்தாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003-லேயே லிண்ட்க்விஸ்ட் வழக்கில் சொல்லிவிட்டது. குறிப்பேட்டுப் பக்கத்தைப் படம் பிடித்துப் போடுபவர் மூன்றாம் மனிதர் பெயரை மறைத்துவிட்டுப் போடலாம். பேட்ஜின் கதைக்கு அந்தப் பெயரால் ஒரு லாபமும் இல்லை.

காலம் போனால் எல்லாம் ஆறிவிடும் என்றும் சொல்ல முடியாது. ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி கலைக்கப்பட்டபின் அதில் இருந்த பலர் நாட்டை விட்டே போனார்கள். கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, 2020 ஜனவரியில், அந்தப் படைக்கு அயர்லாந்து அரசு திட்டமிட்ட நினைவு நிகழ்ச்சியை எதிர்ப்பு காரணமாகத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. ஒரு தொகுப்பில் இருக்கும் பெயர் ஒரு வீட்டுக்குத் தாத்தா, இன்னொரு வீட்டுக்கு வேறு ஏதோ.

சட்டம் தடுக்காத, ஆனால் நான் பெரிய சேதம் என்று நினைக்கும் ஒன்று உண்டு: தொகுப்பைப் பிரித்து விற்பது. படம் சேகரிப்பவருக்குப் படம், பதக்கம் சேகரிப்பவருக்குப் பதக்கம், பேட்ஜ் தனியாக என்று கூறு போட்டால் வியாபாரிக்கு மொத்தத்தில் கூடுதல் காசு கிடைக்கும். பிரித்த மறுநாளே அந்தப் பேட்ஜ் மறுபடி வெறும் 417. பத்து வருடம் கழித்து வேறு யாரோ அதை வேறொருவர் காகிதத்தோடு ஜோடி சேர்ப்பார்.

## கையில் வந்த அன்று

உலோகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். முலாமும் எண்ணின் விளிம்பும் போவது அந்த ஆசையில்தான். களிம்பை மட்டும் மரக்குச்சியால் மெல்ல எடுத்தால் போதும். பேட்ஜைத் தோல் பர்ஸிலேயே விட்டுவைத்தால் களிம்பு திரும்ப வரும். பள்ளத்தோடு படம் எடுத்துவிட்டு இரண்டையும் தனித்தனியாக, ஆனால் ஒரே பெட்டியில் வைக்கலாம். பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும், செம்பை அரிக்கும். பாலியெஸ்டர் உறை நல்லது. காகிதத்தை லேமினேட் செய்துவிட்டால் அதோடு சரி, திரும்ப எடுக்க வழி இல்லை.

இதையெல்லாம்விட முதலில் செய்ய வேண்டியது பதிவு. வந்த உறையைப் பிரிக்கும் முன் ஒரு படம், பிரித்ததும் தாள்கள் இருந்த வரிசையில் ஒரு படம். யாரிடம், எந்தத் தேதியில் வாங்கியது, அவர் என்ன சொன்னார் என்பதை அவர் வார்த்தையிலேயே எழுதிவைக்க வேண்டும். சொன்னது தவறு என்று பிறகு தெரிந்தாலும் அழிக்கக்கூடாது. தாள்களுக்கு வரிசை எண் போட மென்மையான பென்சில், பின்பக்க மூலையில். கிழிந்த பழுப்பு உறையையும் தூக்கிப் போட வேண்டாம். அதன் மேல் யாரோ குடும்பத்தார் பென்சிலில் கிறுக்கிய பெயரும் எண்ணும் மட்டுமே பேட்ஜையும் காகிதத்தையும் சேர்த்துச் சொல்லும் எழுத்தாக இருக்கலாம்.